பரணில் இருந்த பதினோரு நிமிடங்கள்

இந்தக் கட்டுரையை உடன்பிறந்தோர் மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஒருவர் இரும்புலியூரிலேயே, அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறார். ஒருவர் பெங்களூரில். மூத்தவரான அக்கா அமெரிக்காவின் சான் ஹோசேவில். நினைவுகள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களில் அம்மாவைக் கேட்டுத் திருத்திக்கொண்டோம். அம்மாவுக்கும் நினைவில்லாத இடங்களை விட்டுவிட்டோம். ஆகவே கட்டுரை நெடுகிலும் வரும் 'நாங்கள்' உண்மையாகவே பன்மைதான்.

எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது 1984இன் இறுதியில். சென்னைத் தூர்தர்ஷன் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டிருந்தாலும், நகரத்தின் தென்கோடியில், ஏரிக்கரை ஊரான இரும்புலியூருக்கு அது ஒன்பது வருடம் கழித்தே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம். கறுப்பு வெள்ளைப் பெட்டி. இழுத்து மூடும் மரக்கதவு வைத்தது. மொட்டைமாடியில் இரும்புக் குழாயில் ஆண்டெனா. அதன் முகம் வடகிழக்கே, சேப்பாக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். காற்று பலமாக அடித்தால் திரும்பிக்கொள்ளும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுவார். எங்களில் ஒருவர் பெட்டியின் முன், ஒருவர் முற்றத்தில், ஒருவர் மாடிப்படியில் நிற்போம்.

"இப்ப தெரியுதா?"

"தெரியுது... தெரியுது... போச்சு!"

"இப்ப?"

கேள்வி மேலிருந்து கீழும், பதில் கீழிருந்து மேலும் இப்படிப் பயணப்பட்டுக்கொண்டிருக்கும். எங்கள் தலைமுறையில் பலரது வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய காட்சிதான் இது. ஆனாலும் பின்னால் சொல்லவிருப்பதற்கு இது தேவைப்படுகிறது.

அந்தப் படம் ஒருநாளும் முழுத் தெளிவாக இருந்ததில்லை. 625 வரிகளாக வரையப்பட்டு, நொடிக்கு 25 முறை புதுப்பிக்கப்படும் படம் அது. வரும் அலை வலுவிழந்தால் அதற்கேற்பப் புள்ளிகள் பெய்யத் தொடங்கும். மேலும் வலுவிழந்தால் உருவம் மங்கும், ஆனால் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். கோடைகாலத்தில் வளிமண்டலம் ஒத்துழைக்கும் சில இரவுகளில், பூஸ்டர் வைத்த வீடுகளில் கடல் கடந்து இலங்கையின் ரூபவாகினிகூடத் தெரிந்தது. மணல் புயலுக்குள் நின்று யாரோ செய்தி வாசிப்பதைப் போலிருக்கும். அதைக் காண அண்டை வீட்டார் திரண்டு வருவார்கள். பழைய முறையின் குணம் அது. குறைந்துகொண்டே போகும், ஆனால் குறைகிறது என்பதைச் சொல்லிக்கொண்டே குறையும்.

2009 ஜனவரியில், பொங்கலுக்கு வந்த அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். சோப்புக்கட்டியைவிட மெலிந்தது, சட்டைப்பையில் அடங்குவது. பின்புறம் தபால்தலை அளவுக்குச் சற்றே பெரிய திரை, நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். பக்கவாட்டிலுள்ள விசையைத் தள்ளினால் கத்தி விரிவதுபோல் யு.எஸ்.பி. முனை ஒன்று வெளியே வரும். 'ஃப்ளிப் மினோ எச்.டி.' என்று பெயர். முந்தைய நவம்பரில்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது.

அதன் வரலாறு சிறியது, ஆனால் சுவையானது. அதைச் செய்த ப்யூர் டிஜிட்டல் நிறுவனம் 2005இல் மருந்துக்கடைகள் வழியாக, ஒருமுறை மட்டும் படம்பிடித்துவிட்டுக் கடையிலேயே திருப்பித் தரவேண்டிய வீடியோ காமிராவை விற்றது. வாங்கியவர்களில் சிலர் அதைத் திருப்பித் தராமல், உள்ளிருப்பதைத் தாமே கணினிக்கு எடுக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2007இல் நிறுவனமே எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய 'ஃப்ளிப்'பை வெளியிட்டது. 2009இல் சிஸ்கோ நிறுவனம் 59 கோடி டாலர் மதிப்புக்கு ப்யூர் டிஜிட்டலை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. 2011 ஏப்ரலில் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. அதற்குள் செல்பேசிகள் அதே வேலையைச் செய்யத் தொடங்கியிருந்தன. முதல் ஃப்ளிப்பிலிருந்து மூடுவிழா வரை மொத்தமே நான்கு வருடம். எங்கள் வீட்டு மாவரைக்கும் கிரைண்டர் அதைவிட ஐந்து மடங்கு வாழ்ந்திருக்கிறது.

அதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த வீடியோ என்பது கல்யாண வீடியோதான். 1996இல் அக்காவின் திருமணத்துக்குத் தாம்பரத்திலிருந்து வந்தவர் தோளில் காமிராவையும், உதவியாளர் கையில் கண்கூசும் விளக்கையும், வயர் பிடிக்க ஒரு பையனையும் கொண்டுவந்திருந்தார். விளக்கு திரும்பிய பக்கமெல்லாம் மனிதர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விறைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மணி நேரக் கேசட்டில் அப்பா ஏழெட்டு முறை வருகிறார். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

சட்டைப்பைக் காமிராவுக்கு விளக்கு இல்லை, ஆள் இல்லை, முக்காலி இல்லை. அப்பாவுக்கு அது காமிரா என்றே படவில்லை. மாட்டுப் பொங்கலன்று மாலை மொட்டைமாடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவரிடம் எங்களில் இளையவன் அதை நீட்டிக்கொண்டு, "அப்பா, நாம வந்தப்போ ஏரி எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டான். அப்பா கையை நீட்டிக் காட்டிப் பேச ஆரம்பித்தார். 1981இல் மனை வாங்கியபோது நாலு வீடுகள்தாம் இருந்தன என்றார். பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு வரப்பு வழியாக நடந்ததையும், மீட்டர்கேஜ் மின்ரயிலில் கோட்டை வரைக்கும் போய்வந்ததையும், மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியதையும் சொன்னார். ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அம்மா காபியோடு வருகிறார். பதினோரு நிமிடம். அவ்வளவு நேரம் அப்பா தொடர்ந்து பேசி நாங்கள் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

இங்கே சற்று நின்று, அந்தச் சிறிய டப்பாவுக்குள் நடந்தது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். டிஜிட்டல் தொலைக்காட்சியைப் புரிந்துகொள்ளவும் அதுவே போதும்.

அந்தக் காமிரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் குறுக்கே 1280, நெடுக்கே 720 புள்ளிகள். நொடிக்கு 30 படங்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட்டுகள் வீதம் அப்படியே சேமித்தால் நொடிக்கு எட்டுக் கோடி பைட்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 300 ஜிகாபைட். ஆனால் காமிராவின் மொத்தக் கொள்ளளவே 4 ஜிகாபைட். அதில் ஒரு மணி நேரம் பதிவாகியது. அதாவது 75 பங்கில் ஒரு பங்குதான் எஞ்சுகிறது. மீதி 74 பங்கு எங்கே போயிற்று?

தந்திரம் எளியது. முதலில் ஒரு படத்தை முழுமையாக எழுதிக்கொள்கிறது. அதன் பிறகு வரும் படங்களில் எது மாறியதோ அதை மட்டும் எழுதுகிறது. அப்பாவின் பின்னாலிருந்த கைப்பிடிச்சுவர் அசையவில்லை, ஆகவே அதை மறுபடி எழுதத் தேவையில்லை. அவர் கை அசைந்தது, உதடு அசைந்தது, அவற்றை எழுதுகிறது. கை நகர்ந்தால் 'அதே கை, இவ்வளவு தூரம் தள்ளி' என்று குறித்துக்கொள்கிறது. சிறிது நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஒரு முழுப்படம். இதோடு கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய நிற வேறுபாடுகளையும் தள்ளிவிடுகிறது. டிஷ் வழியாகவும் கேபிள் வழியாகவும் வரும் டிஜிட்டல் தொலைக்காட்சியும் இதே முறையில்தான் வருகிறது. பழைய முறையில் ஒரு நிலையம் அடைத்துக்கொண்ட இடத்தில் இன்று பல நிலையங்கள் நெருக்கிக்கொண்டு வருவதற்குக் காரணமும் இதுவே.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மாற்றங்களை மட்டும் எழுதிவைத்த கணக்கில், முதல் வரி தொலைந்தால் அடுத்தடுத்த வரிகளுக்குப் பொருளில்லை. சிறுபிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அலையிலேயே இருக்கிறது. ஆகவே அலை ஓரளவு வலுவிழக்கும்வரை படத்தில் எந்தக் குறையும் தெரியாது. எல்லையைத் தாண்டியதும் படம் கட்டங்கட்டமாகச் சிதறி, உறைந்து, நின்றுவிடும். நல்ல மழையில் டிஷ் வைத்த வீடுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். முந்தைய கணம் வரை பளிங்குபோல் இருந்த முகம், அடுத்த கணம் இல்லை. மங்கல் என்ற இடைநிலையே கிடையாது.

எங்கள் வீட்டில் இந்தப் புதிய தொலைக்காட்சி நுழைந்தது 2010 தீபாவளிக்கு. அந்த அக்டோபரில் தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகத் தூர்தர்ஷன் எச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது, கடைகளிலெல்லாம் அதே பேச்சு. நாங்களும் 32 அங்குலத் தட்டைப் பெட்டி ஒன்றை வாங்கினோம். மாட்டியதும் அப்பாவுக்குப் பெரிய ஏமாற்றம்.

"என்னடா இது, எல்லாருக்கும் உடம்பு வீங்கிப் போச்சு!"

அவர் சொன்னது சரி. பழைய படத்தின் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தவை. புதிய பெட்டியோ பதினாறுக்கு ஒன்பது. கேபிளில் வந்த பழைய படத்தைப் பெட்டி பக்கவாட்டில் இழுத்து நிரப்பியதால் கதாநாயகிகளெல்லாம் பூசணிக்காய் ஆனார்கள். ரிமோட்டில் அதை மாற்றும் பொத்தானைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. மாற்றியதும் இருபுறமும் கறுப்புப் பட்டை. "பணம் குடுத்து வாங்கின இடத்த ஏண்டா மூடி வச்சிருக்கே?" என்றார். இன்றும் பல வீடுகளில், பல காத்திருப்பு அறைகளில் மனிதர்கள் வீங்கியே நடமாடுவதைக் காண்கிறோம். பெட்டி எச்.டி.யாக இருப்பது வேறு, வரும் படம் எச்.டி.யாக இருப்பது வேறு, இரண்டையும் இணைக்கும் வயர் அதற்குத் தக்கதாக இருப்பது வேறு என்ற பாடத்தை நாங்கள் அந்தத் தீபாவளியில்தான் கற்றோம்.

அந்தப் பாடத்தின் கடைசிப் பகுதியைக் கற்றது அப்பாவின் பதினோரு நிமிடங்களை வைத்து. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயரால் காமிராவைப் பெட்டியோடு இணைத்தபோது படம் மங்கலாகவே வந்தது. அந்த வயர் பழைய தொலைக்காட்சிக்கு உரிய தரத்துக்கு மேல் கொண்டுசெல்லாது. பிறகு பதிவைக் கணினிக்கு எடுத்து, எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தோம். அப்பா திரையில் வந்தார்.

நாங்கள் எல்லோரும் ஒருகணம் பேசவில்லை. கழுத்தின் சுருக்கங்கள், இடது கண்ணில் படரத் தொடங்கியிருந்த புரை, சவரத்தில் தப்பிய இரண்டு நரைமயிர்கள், மேல்பொத்தான் இல்லாத சட்டையில் குத்தியிருந்த ஊக்கு. தினமும் பார்க்கும் முகம்தான். ஆனால் அவ்வளவு அருகில், அவ்வளவு நேரம் நாங்கள் பார்த்ததில்லை. அப்பா இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"இவ்வளவு தெளிவு வேண்டாம். அத அழிச்சிடுங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "அழிச்சாச்சா?" என்று கேட்டார். எங்களில் நடுவர், "ஆச்சுப்பா" என்றார். அது பொய். கணினியில் வேறொரு பெயரில் வைத்திருந்தோம். காமிராவிலிருந்து அழிக்க நினைத்து, அதை யாரோ பரணில் வைத்த ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டுவிட, அப்படியே மறந்தும்போனோம். அப்பா 2013இல் காலமானார். அதற்குப் பின் அந்தப் பதிவைப் போட்டுப் பார்க்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை. அது இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இப்பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாகியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அப்பா ஏரி எதுவரைக்கும் இருந்தது என்று கைநீட்டிக் காட்டினாரே, அன்றிரவு தண்ணீர் அந்த எல்லையை நினைவு வைத்திருந்ததுபோல் வந்தது. எங்கள் கீழ்த்தளத்தில் இடுப்பளவு. அம்மாவை மாடிக்கு ஏற்றினோம். கணினியும், சுவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்த கேசட்டுகளும், ஆல்பங்களும் இரண்டு நாள் சேற்று நீரில் கிடந்தன.

பிறகு நடந்ததுதான் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. கல்யாணக் கேசட்டைத் திறந்து, நாடாவை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறு கூட்டில் சுற்றி ஓட்டிப்பார்த்தோம். அத்தகைய கருவி தாம்பரத்தில் ஒரே ஒருவரிடம்தான் எஞ்சியிருந்தது. 2016 ஜூலையோடு ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் வி.சி.ஆர். தயாரிப்பதை நிறுத்திவிட்டது, அவர்கள்தாம் கடைசி. படத்தில் கோடுகள் ஓடின, நிறங்கள் ஒன்றில் ஒன்று கசிந்தன, நாதஸ்வரம் நீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. ஆனாலும் அக்கா மணமேடையில் இருந்தாள். அப்பா ஏழெட்டு முறை வந்தார், பேசாமல்.

கணினியின் ஹார்டு டிஸ்கில் ஒன்றும் இல்லை. மீட்டுத் தருவோர் இருவரிடம் கொண்டுபோனோம். ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே சேறு படிந்த தட்டைக் காட்டினார். மங்கலாகக்கூட ஒன்றும் கிடைக்காதா என்று அம்மா கேட்டார். அம்மாவுக்குத் தொலைக்காட்சி என்றால் ஆண்டெனாவைத் திருப்பினால் கொஞ்சமாவது தெரியும் என்ற அனுபவம். அந்த இளைஞர் அனுதாபத்தோடு தலையசைத்தார். தெளிவாக இருந்தது முற்றாக இல்லாமல் போயிருந்தது. மங்கலாக இருந்தது மேலும் மங்கலாகி எஞ்சியிருந்தது.

அப்பாவிடம் சொன்ன பொய் ஐந்து வருடம் கழித்து உண்மையாகிவிட்டது என்றே அன்று நினைத்தோம்.

2016 அக்டோபரில், சுவர்களுக்கு மறுபடி வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது அட்டைப்பெட்டி கீழே வந்தது. பழைய பல்புகள், ஆண்டெனாவின் உடைந்த அலுமினியக் கம்பி, பட்டை வயர், அவற்றுக்கு அடியில் அந்தச் சிறிய காமிரா. அதன் உள்ளே சுழலும் தட்டுகள் கிடையாது. நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகப் பதிவு தங்கியிருக்கிறது; மின்சாரம் இல்லாமலே வருடக்கணக்கில் தங்கும், ஆனால் என்றென்றைக்கும் தங்காது. விசையைத் தள்ளினோம், யு.எஸ்.பி. முனை வெளியே வந்தது. மடிக்கணினியில் செருகிவிட்டுக் காத்திருந்த அந்த ஒரு நிமிடம் நீளமானது. அக்காவை செல்பேசியில் அழைத்து வைத்திருந்தோம். அங்கே அப்போது நள்ளிரவு.

ஒரே ஒரு கோப்பு இருந்தது. பதினோரு நிமிடம்.

அதைப் போடும் முன் எங்களுக்குள் தகராறு வந்தது. அழிக்கச் சொன்னவர் இன்று இல்லை. இல்லாதவரின் சொல்லை மீற நமக்கு என்ன உரிமை என்றான் இளையவன். அவர் இருந்தபோதே மீறிவிட்டோமே என்றாள் அக்கா. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒருவருடைய முதுமையை அவர் காட்ட விரும்பாத அளவுக்குத் தெளிவாகச் சேமித்துவைப்பது அன்பா, அத்துமீறலா என்பதற்கு எங்களிடம் விடையில்லை. சட்டைப்பைக் காமிரா தன் காரியத்தைச் சாதித்ததே அவர் அதைக் கவனிக்காததால்தான் என்பதும் எங்களை உறுத்துகிறது. கல்யாண வீடியோக்காரர் கண்கூசும் விளக்கைப் போட்டு, 'இதோ எடுக்கிறேன்' என்று அறிவித்தாவது எடுத்தார்.

அம்மா கடைசியில் சொன்னார்: "அவர் அழிக்கச் சொன்னது மூஞ்சிய. பேச்ச அழிக்கச் சொல்லலியே. திரையத் துணியால மூடிட்டுப் போடுங்க."

அப்படியே செய்தோம். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையொன்றைத் தொலைக்காட்சியின்மேல் போட்டுவிட்டு, நால்வரும் பதினோரு நிமிடம் கேட்டோம். பிந்தைய வருடங்களில் புடவை விலகியது. யார் விலக்கினார்கள் என்று சொல்ல முடியாது. அம்மாவேதான் என்று எங்களுக்கு ஐயம்.

இதற்கிடையே உலகம் தன் வழியில் போயிற்று. சென்னையில் 2003 செப்டம்பரிலேயே கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமாகி, நாட்டிலேயே முதல் நகரம் என்று பெயரெடுத்தது. 2017 செப்டம்பரில் அரசு கேபிள் இலவச செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. தூர்தர்ஷனும் தன் பழைய தரைவழி ஒளிபரப்பிகளை, எல்லைப்புறங்களில் உள்ள சிலவற்றைத் தவிர, 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாக அறிவித்தது. எங்கள் மாடியில் இரும்புக் குழாய் மட்டும் இன்னும் நிற்கிறது. அதில் துணி உலர்த்தும் கொடி கட்டியிருக்கிறோம்.

நாங்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலன்றும் அந்தக் கோப்பைப் புதிதாக ஒரு வட்டிலோ குச்சியிலோ நகலெடுக்கிறோம். ஒரு நகல் இரும்புலியூரில், ஒன்று பெங்களூரில், ஒன்று சான் ஹோசேவில். எடுத்த நகல் ஓடுகிறதா என்று முழுவதும் போட்டுப் பார்த்துவிடுகிறோம். பாதி பார்த்து நிறுத்துவதில்லை. டிஜிட்டல் அழியாது என்று விற்கிறார்கள். யாராவது எடுத்துப் பார்த்து, மறுபடி எழுதிவைக்கும்வரைதான் அது அழியாது என்பது எங்கள் அனுபவம். மாடியில் நின்று ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தவரின் வேலை இப்போது எங்களுக்கு வந்திருக்கிறது.

பத்தாவது நிமிடத்தில் அம்மா காபி டம்ளரை நீட்டுகிறார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, அப்போதுதான் கவனித்தவர்போல் இளையவன் கையிலிருப்பதைப் பார்க்கிறார்.

"என்னடா அது, காமிராவா? நான் தெரியுறேனா?"

"தெரியுறீங்கப்பா" என்று காமிராவுக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த இடத்தில் அம்மா ஒலியைக் கூட்டச் சொல்கிறார்.